மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனரை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: விசுவமடுவில் மாமாவின் வளவில் ஒரு மொறிஸ் மைனர் நிற்கிறது. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் வாடகைக்கு ஓடிய கார். 2008 கடைசியில் இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டுப் போனது. மீளக்குடியேறி வந்து பார்த்தால் ரயர், பற்றரி, சீற் ஒன்றும் இல்லை. கோது மட்டும் நின்றது. நாங்கள் நாலு நண்பர்கள் சனி, ஞாயிறுகளில் அதைத் திருத்தலாம் என்று நினைக்கிறோம். மண்ணெண்ணெய் குடித்த என்ஜின் இனி உதவுமா? நிசான் என்ஜினைப் போட்டுவிடு என்கிறார்கள் சிலர். முதல் சனிக்கிழமை எதில் கைவைப்பது?

பதில்:

தம்பி, மண்ணெண்ணெய் அந்தக் காரைக் கொல்லவில்லை. ஓடிய காலத்தில் அதற்கு வந்த தேய்மானத்தைவிட, நின்ற காலத்தில் பிடித்த கறள்தான் உங்களுக்கு வேலை வைத்திருக்கிறது. இதை முதலே சொல்வதற்குக் காரணம், மண்ணெண்ணெய்க் கார் என்றதும் எல்லாரும் நேரே என்ஜினைக் கழற்றிக் கொட்டப் பார்ப்பார்கள். நாலு பேர், இரண்டு நாள், ஒரு தார்ப்பாய் நிறைய நட்டும் போல்ற்றும். அடுத்த கிழமை ஒருவருக்குக் கல்யாணவீடு, அதற்கடுத்த கிழமை மழை. அப்படிக் கழற்றிக் கொட்டிய கார்கள் வன்னியில் நிறையக் கோழிக்கூடாக நிற்கின்றன.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் தடைப் பட்டியலில். மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. அந்த நேரம் புதிய ஜப்பான் கார் வைத்திருந்தவர்கள் அதை மூடிவைக்க, பழைய இங்கிலாந்துக் கார்களான ஒஸ்ரினும் மொறிஸும் தெருவில் ஓடின. அது அதிசயமில்லை, அந்த என்ஜின்களின் அமைப்பே அப்படி. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாகாது, ஒக்ரேனும் (முந்தி வெடிக்காமல் தாங்கும் தன்மை) குறைவு. அழுத்தம் கூடிய என்ஜினில் விட்டால் நேரத்துக்கு முன்னரே வெடித்து ‘டிங் டிங்’ என்று தட்டும், பிஸ்ரனைத் தின்றுவிடும். சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதுதான் அழுத்த விகிதம். ஒஸ்ரின் ஏ40 சோமசெட்டில் அது 7.2க்கு 1. மொறிஸ் மைனரின் 803 சிசி என்ஜினுக்கும் அதேதான். 948 சிசி என்ஜின் இரண்டு விதமாக வந்தது: 8.3 ஒன்று, தரம் குறைந்த பெற்றோல் விற்கும் நாடுகளுக்கென்று 7.2 இன்னொன்று. உங்கள் என்ஜினில் அடித்திருக்கும் இலக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். 9எம் என்று தொடங்கினால் 948. அதற்குப் பின்னால் எல் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அழுத்தம் குறைந்தது, எச் என்றால் கூடியது. எல் என்றால் உங்கள் மாமாவுக்கு அதிர்ஷ்டம் இருந்திருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த மைனர் என்ஜின்களை ஏ வரிசை என்பார்கள். அதில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டி இருக்கும். புகைக்குழாயின் சூடு மேலேயிருக்கும் குழாயின் வயிற்றைச் சுடவைக்கும். குளிர்நாட்டுக்காரன் தன் குளிருக்குச் செய்த ஏற்பாடு, நம் மண்ணெண்ணெய்க்கு வாய்த்தது. சூடேறியபின் எண்ணெய் அங்கேயே ஆவியாகிவிடும். சூடேறும்வரைதான் பாடு. அதற்குத்தான் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல். பொன்னைப்போல வைத்திருந்து, ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சம் விட்டு, என்ஜின் சூடாகியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்கு முன் யோசிப்பார்கள், ஏனென்றால் ஆறிவிட்டால் திரும்பவும் பெற்றோல் வேண்டும். கொஞ்ச நேர அலுவல் என்றால் என்ஜினை நிறுத்தாமலே காத்து நின்ற சாரதிமார் இருந்தார்கள்.

இதனால் என்ஜினுக்கு வந்த கெடுதி இரண்டு. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்கைத் தாண்டி வழிந்து கீழே ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகி பெயரிங்குகள் தேயும். மற்றது கரி: பிளக், வால்வு, பிஸ்ரன் தலை எல்லாம் கரி படியும். கரியைச் சுரண்டலாம், பெயரிங்கை மாற்றலாம். விவரமான சாரதி ஒயிலை அடிக்கடி மாற்றினார், பற்றவைக்கும் நேரத்தைக் கொஞ்சம் பின்தள்ளி வைத்தார், அவ்வளவுதான். உங்கள் மாமா அந்தக் காரில் வாடகைக்கு ஓடிச் சோறு சாப்பிட்டவர் என்றால் அதைக் கவனிக்காமல் விட்டிருக்க மாட்டார்.

இனி நின்றதால் வந்தது. இதுதான் நீங்கள் வேலை செய்யப்போகும் இடம்.

காரைத் தொடுவதற்கு முன் ஒரு நீளத்தடி எடுத்து அடியிலும் பொனற்றுக்குள்ளும் தட்டுங்கள். பதினைந்து வருசத்துக்கு மேல் நின்ற கோதுக்குள் புடையன் படுத்திருப்பது இந்தப் பக்கத்தில் கதையல்ல. எலிக்கூடு இருந்தால் பாம்பும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குளவி மண்ணால் கூடு கட்டுவது புகைக்குழாயின் வாயிலும், பெற்றோல் ராங்கின் காற்றுப்போகும் துளையிலும். அந்தச் சின்னத் துளை அடைபட்டிருந்தால் என்ஜின் ஓடிக் கொஞ்ச நேரத்தில் காரணம் தெரியாமல் நிற்கும். நீங்கள் காபரேற்றரை (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) கழற்றிக் கழற்றிப் பூட்டுவீர்கள்.

அடுத்தது, காரை உயர்த்துவது. கிரவல் நிலத்தில் யாக் புதையும். கீழே ஒரு தடித்த பலகை போடுங்கள். யாக்கை நம்பி ஒருவரும் கீழே போகக்கூடாது. பாலைக்குற்றி அல்லது பனங்குற்றியை நல்ல மட்டமாக அறுத்து நாலு மூலையிலும் வையுங்கள். சீமெந்துக் கல் அடுக்கவே வேண்டாம், அது முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். எங்கே குற்றி வைப்பது என்பதும் முக்கியம். ஒஸ்ரின் சோமசெட்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு, மேல்கோது உக்கினாலும் அடி நிற்கும். மொறிஸ் மைனருக்கு அது இல்லை. தகரத்தை மடித்துச் செய்த உடம்பேதான் சேசிஸ். ஆகவே ஒரு திருப்புளியும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு முன்பக்கத்து இரண்டு நீட்டுக் கால்கள், நடுவில் யாக் வைக்கும் குறுக்குச் சட்டம், பின்பக்கம் வில் தொங்கும் இடம் மூன்றையும் தட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்றால் இரும்பு. ‘பொத்’ என்றால் கறளும் பழைய பெயின்ற்றும். திருப்புளி உள்ளே போனால் அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து ஒட்டத்தான் வேண்டும். பட்டி பூசி மறைக்கச் சொல்லும் ஆளிடம் காரைக் கொடுக்காதீர்கள். விசுவமடுவில் கடற்காற்று அவ்வளவாக இல்லை என்பது உங்களுக்கு நல்லது. அதே கார் முல்லைத்தீவுக் கரையில் நின்றிருந்தால் இந்தப் பந்தியோடு பதிலை முடித்திருப்பேன்.

இவ்வளவுக்கே சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிடும். வெயிலில் தகரத்தில் கை வைக்க முடியாது. விடியவும் பின்னேரமும்தான் வேலை. நடுவில் மரத்தடியில் கழற்றியதைத் துடைக்கிற வேலை இருக்கட்டும். நாலு பேர் என்றீர்கள். எனக்குத் தெரிந்தவரை நாலு பேரும் ஒரே நேரம் பொனற்றுக்குள் தலையை விட்டால் ஒரு வேலையும் நடக்காது. இரண்டு பேர் கழற்றட்டும், ஒருவர் போனில் படமெடுத்து எழுதி வைக்கட்டும், ஒருவர் சாப்பாட்டைப் பார்க்கட்டும். கழற்றியவை பால்மா ரின்களில், ஒவ்வொரு ரின்னிலும் எங்கிருந்து வந்தது என்று எழுதிய கடதாசி. கனடாவில் இருக்கும் மச்சான் இரவு வீடியோவில் வந்து ஆலோசனை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அவர் சொன்னதற்காக எதையும் கழற்றாதீர்கள்.

சாவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் ஊர்க் கராச்சில் மோட்டார் சைக்கிளுக்கு வைத்திருக்கும் சாவிகள் மில்லிமீற்றர் கணக்கு. மைனரில் இருப்பது பெரும்பாலும் அங்குலக் கணக்கு: 7/16, 1/2, 9/16. அரை அங்குல நட்டின் அகலம் 12.7 மில்லிமீற்றர். 13ஐப் போட்டால் பொருந்தியதுபோல இருக்கும்; கறள் பிடித்த நட்டில் ஊன்றி இழுத்தால் மூலைகள் உருண்டு போகும், பிறகு உளிதான். ஒரு செற் அங்குலச் சாவி வாங்குங்கள். பழைய மசி பேர்குசன் உழவு இயந்திரம் திருத்துகிற ஆள் பக்கத்தில் இருந்தால் அவரிடம் இருக்கும், கறள் நட்டை எப்படிச் சூடாக்கிக் கழற்றுவது என்ற அனுபவமும் அவரிடமே இருக்கும். வன்னியில் பழைய கார் மெக்கானிக்கைத் தேடுவதைவிட உழவு இயந்திர மெக்கானிக்கைத் தேடுவது புத்தி.

இப்போது என்ஜின். பற்றரி வாங்க ஓடாதீர்கள். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளைக்குள்ளும் டீசலும் என்ஜின் ஒயிலும் கலந்து கொஞ்சம் விட்டு, பிளக்கைக் கையால் பூட்டி மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள். முதல் சனிக்கிழமை என்ஜினுக்குச் செய்யவேண்டியது இவ்வளவே. ஒரு கிழமை ஊறட்டும். பொறுமையில்லாத ஒருவர் உங்களில் நிச்சயம் இருப்பார், கயிறு கட்டி உழவு இயந்திரத்தால் இழுத்துப் பார்ப்போம் என்பார். இறுகிய றிங் உடைவதும் ஒட்டிய வால்வு வளைவதும் அப்படித்தான்.

அடுத்த சனிக்கிழமை வால்வு மூடியைக் கழற்றுங்கள். உள்ளே வால்வுகளை அழுத்தித் திறக்கும் எட்டு றொக்கர் கைகள் வரிசையாக நிற்கும். முன் பம்பரின் துளையால் ஹான்டிலைப் போட்டு, பிளக் இல்லாமல், மெல்ல அசையுங்கள். ஒருவர் ஹான்டிலில், ஒருவர் கண் றொக்கரில். ஒவ்வொரு கையும் இறங்கி ஏறவேண்டும். ஒன்று இறங்கி ஏறாமல் நின்றால் அந்த வால்வு ஒட்டியிருக்கிறது. உடனே நிறுத்தி, அதன் தண்டில் டீசல் விட்டு, மரக்கட்டையால் மெல்லத் தட்டி எழுப்புங்கள். ஹான்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலைச் சுற்றிப் பிடிக்கக்கூடாது, மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். பின்னர் பிளக்கும் மின்சாரமும் பூட்டி அடிக்கும்போது என்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் பெருவிரல் போய்விடும். இப்போதே அந்தப் பழக்கம் வரட்டும்.

மூடி கழன்றிருக்கும்போதே றொக்கர் இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு, அதாவது 0.30 மில்லிமீற்றர். எந்த வால்வை எப்போது பார்ப்பது என்று தலையைப் பிய்க்க வேண்டாம்: கூட்டினால் ஒன்பது வரவேண்டும். எட்டாவது வால்வு கீழே அமுங்கி முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யலாம், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. ஈயம் கலந்த பெற்றோல் இப்போது இல்லை என்பதால் பழைய வால்வு இருக்கைகள் மெல்ல மெல்லத் தேயும், இடைவெளி குறையும். கொழும்புக்கு வேகமாக ஓடாதவரை அதற்காக என்ஜின் தலையைக் கழற்றத் தேவையில்லை. இந்த இடைவெளியை இடைக்கிடை பார்த்தால் போதும்.

பழைய ஒயிலை ஒரு தட்டத்தில் இறக்குங்கள். முதலில் தண்ணீர் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பிறகு வரும் ஒயிலை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மணத்தது என்றால், மாமா கடைசியாக ஓடியது எதில் என்று தெரிந்துவிடும். தட்டத்தின் அடியில் செம்பு நிறத்தில் மினுங்கும் துகள் இருந்தால் பெயரிங் போயிருக்கிறது. அப்போதுதான் என்ஜினை இறக்கும் கதை. இல்லாவிட்டால் புது ஒயில் ஏறக்குறைய 3.7 லீற்றர், புது வடி. பிளக் இல்லாமலே ஹான்டிலால் நிறையச் சுற்றி ஒயிலை மேலே ஏறவிடுங்கள்.

மின்சாரத்தில் ஏமாறக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. இந்தக் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் உடம்போடு பூட்டப்படும், இன்றைய கார்களுக்கு நேர்மாறு. நடுவில் யாராவது மாற்றியும் இருக்கலாம், ஆகவே பற்றரி வைக்க முன் கேபிள்களின் தலையைப் பாருங்கள். நேர்முனைத் தலை மற்றதைவிடத் தடித்தது. பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவது பழைய காலத்து டைனமோ என்பதால் என்ஜின் மெல்ல ஓடும்போது சார்ஜ் ஏறாது, சிவப்பு விளக்கு மினுங்கும். அது பழுதல்ல. எலி கடித்த வயரை மட்டும் ஒட்டுப் போடாதீர்கள், துணி சுற்றிய அந்தப் பழைய வயர் தொட்டால் உதிரும். புதிதாக இழுப்பதுதான் வழி, அதற்கு ஒரு முழுச் சனி ஞாயிறு ஒதுக்குங்கள். டிஸ்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது) பொயின்ற் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 15, பிளக் ஆயிரத்தில் 25, வெடிக்கும் ஒழுங்கு 1-3-4-2. தடைக்காலத்தில் பொயின்ற்றை நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்துத் தேய்த்து ஓட்டினார்கள், நீங்கள் புதிது வாங்கலாம்.

பெற்றோல் வழியைத் தொடும்போது பீடி, சிகரெற் ஒன்றும் வளவுக்குள் வேண்டாம். ராங்குக்குள் கையளவு கூர்ச்சல்லியும் கொஞ்ச மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கிக் கழுவுங்கள். அதற்கு மண்ணெண்ணெய் இன்றும் நல்லது. எஸ்யூ கம்பனியின் பெற்றோல் பம்புக்கு மின்சாரம் கொடுத்தால் ‘டக் டக் டக்’ என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் தானே நிற்கும். அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது அல்லது ஒழுகுகிறது. ஒன்றும் கேட்காவிட்டால் திருப்புளியின் பிடியால் ஒரு தட்டு. இங்கிலாந்துக்காரனும் அதைத்தான் செய்தான்.

காபரேற்றரும் எஸ்யூதான் என்றால், அதைப்போல நல்ல பிள்ளை வேறில்லை. மேலே மணிபோல ஒரு மூடி. அதற்குள் ஒரு பிஸ்ரன், அதன் அடியில் ஊசி, ஊசி இறங்கும் ஜெற். மூடியைக் கழற்றி பிஸ்ரனைத் துடைத்து, மேல் தண்டுக்குள் கொஞ்சம் மெல்லிய ஒயில் விட்டுப் பூட்டுங்கள். விரலால் தூக்கிவிட்டால் ‘க்ளக்’ என்று விழவேண்டும். மண்ணெண்ணெய்க்காக ஜெற்றின் நட்டை இறக்கிக் கலவையைக் கூட்டி வைத்திருக்கக்கூடும், ஆகவே நட்டை மேலே முழுக்க ஏற்றி, அங்கிருந்து மெல்ல இறக்கிக்கொண்டு வாருங்கள். என்ஜின் ஓடிச் சூடாகியபின் பிஸ்ரனை ஒரு நகக்கனம் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் கூட. என்ஜின் தள்ளாடி நிற்கப் பார்த்தால் குறைவு. ஒருகணம் கூடி, திரும்பப் பழைய வேகத்துக்கு வந்தால் சரி. இந்தப் பரீட்சையை நாலு பேரும் செய்து பாருங்கள், பழைய கார்ப் பைத்தியம் பிடிக்கிற இடம் அதுதான்.

ஆனால் என்ஜின் ஓடிய சந்தோசத்தில் காரை ஒழுங்கைக்கு இறக்காதீர்கள். பிரேக் இல்லை. நின்ற காரில் முதலில் சாவது பிரேக். மைனரின் பிரேக்குக்குரிய பெரிய சிலிண்டர் (மாஸ்ரர் சிலிண்டர்) சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கம்பளத்தைத் தூக்கினால் ஒரு சின்ன மூடி தெரியும், அதற்குள்தான் பிரேக் ஒயில். சாரதிமார் பலர் அது இருப்பதையே மறந்துவிடுவார்கள். நாலு சில்லுக்கும் ஒரே குழாய்வழி, ஒரு றப்பர் போனால் நாலும் போகும். றப்பர்கள் எல்லாம் புதிது, குழாய்கள் புதிது. தவறியும் என்ஜின் ஒயிலை அதற்குள் விடக்கூடாது, றப்பர் ஊதிப் பிரேக் இறுகிவிடும்.

முன்சில்லைத் தாங்கும் தண்டின் அடியில் புரி வெட்டிய மூட்டு ஒன்று உண்டு, டிரனியன் என்பார்கள். கிரீஸ் அடிக்காமல் ஓடினால் புரி தேய்ந்து, ஒருநாள் கழன்று, சில்லு பக்கவாட்டில் மடிந்து கார் மூக்குக்குப்புற விழும். மைனருக்கு எங்கே போனாலும் கெட்ட பெயர் வாங்கித்தந்தது இதுதான். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் மாற்றுங்கள், இது பேரம் பேசுகிற சாமானில்லை. ரயர் 5.20-14, அது கிடைக்காவிட்டால் 145 அளவு 14 அங்குல றேடியல் பொருந்தும்.

நிசான் என்ஜின் கதைக்கு வருவோம். அது புதிய யோசனையில்லை, நாடு முழுக்கச் செய்திருக்கிறார்கள். ஒரு வகையில் உறவும் இருக்கிறது: 1952இல் நிசான் ஒஸ்ரினோடு உடன்படிக்கை செய்து ஏ40, பிறகு ஏ50 கார்களை ஜப்பானிலேயே பூட்டியது, அந்த வேலையில்தான் நிறையக் கற்றுக்கொண்டது. ஆனாலும் என் பதில் வேண்டாம். நடுத்தரையை வெட்டவேண்டும், கியர் பெட்டிக்குத் தாங்கி செய்யவேண்டும், கூடின வேகத்துக்கு அந்தச் சின்னப் பிரேக் காணாது. என்ஜின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்றவேண்டும். வாகனப் புத்தகம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் இது இரட்டை அலைச்சல். உள்ள என்ஜின் உண்மையிலே வெடித்துப் போயிருந்தால் திரும்பக் கதைப்போம்.

புத்தக விசயத்தை இப்போதே தொடங்குங்கள் என்றும் சொல்லவேண்டும். மாமாவின் பெயரில் இருக்கிறதா, சேசிஸ் இலக்கம் புத்தகத்தோடு ஒக்கிறதா என்று பாருங்கள். புகைப் பரிசோதனை, காப்புறுதி, பிறகு பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம்.  இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்து இருந்தால், சிங்கள ஸ்ரீ எழுத்தைத் தகட்டில் போடத் தொடங்குவதற்கு முந்திய கார், ஐம்பதுகளின் பிறவி. ஸ்ரீ இருந்தால் பிந்தியது. 1958இல் அந்த ஒரு எழுத்துக்காகத் தார்ச் சட்டியோடு தெருவுக்கு இறங்கினார்கள் நம்மவர்கள். இன்று அதே ஸ்ரீ தகட்டைக் கழற்றாமல் வைத்திருப்பதுதான் பழைய கார்க்காரருக்குப் பெருமை. காலம்! தகடே இல்லாவிட்டால் முன்கண்ணாடி சொல்லும்: நடுவில் பிரித்து இரண்டு துண்டென்றால் 1956க்கு முந்தியது, ஒரே வளைந்த கண்ணாடி என்றால் மைனர் 1000. பொனற்றின் நடுவே மேலெழும்பி ஓடும் பட்டையையும் கவனியுங்கள். 1948இல் கார் சந்தைக்கு வருமுன், வடிவமைத்த அலெக் இசிகோனிசுக்கு அகலம் போதாமல் பட்டு, மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து நாலு அங்குலம் விலக்கிப் பார்த்தார். அந்த நாலு அங்குலம்தான் அந்தப் பட்டை. பிறகு மினி காரைச் செய்தவரும் அவர்தான்.

பாகங்களுக்கு முதல் யாழ்ப்பாணத்தில் விசாரியுங்கள், அங்கே ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் ஒக்ஸ்போட்டும் வாடகைக்கு நின்ற காலம் தூரமில்லை. பழைய சாரதிமாரின் கொட்டில்களில் பெட்டி பெட்டியாக இருக்கும். இல்லாவிட்டால் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை. மைனருக்கு ஒரு வாசி: 1990களில் தென்னிலங்கையில் அதன் தகரப் பாகங்களைக் கையால் அடித்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள், ஆகவே மட்காட்டும் கதவும் செய்யத் தெரிந்த கைகள் இந்த நாட்டிலேயே உண்டு. சோமசெட் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் பற்றைக்குள் ஒரு மைனரின் கோது கிடக்கிறது, கதவு கழற்றலாம் என்று யாராவது வந்து சொல்வார்கள். போகாதீர்கள். முல்லைத்தீவில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. சிவப்புப் பலகை இல்லை என்பதால் வெடி இல்லை என்று ஆகாது, பழைய இரும்பு பொறுக்கப்போய்க் காலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அதோடு அந்தக் கோதும் ஒருவருடைய கார். அவர் எங்கே என்று தெரியாமல் கதவைக் கழற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பாகம் வேண்டுமென்றால் வளவில் உரிமையாளர் நின்று விற்கிற காரில் வாங்குங்கள்.

ஓடத் தொடங்கியபின் திரும்ப மண்ணெண்ணெய் விடலாமா என்றும் உங்களில் ஒருவர் கேட்பார். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வந்தபோது பழைய கதைகளை எல்லாரும் தூசி தட்டினார்கள். அந்த ஆகஸ்டிலேயே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியது. மலிவு என்ற காரணம் அன்றோடு போய்விட்டது. வேறு காரணம் அதற்கு ஒருகாலும் இருந்ததில்லை. 92 பெற்றோலை விடுங்கள், அந்த என்ஜினுக்கு அது தாராளம்.

எத்தனை சனி ஞாயிறு என்று நான் கணக்குச் சொல்ல மாட்டேன். தகரம் நல்லதென்றால் மாரி தொடங்கமுன் வளவுக்குள் ஓடலாம், தெருவுக்கு அடுத்த வருசம். முதல் தூர ஓட்டம் முறிகண்டிவரை இருக்கட்டும். வெறும் பக்திக்காக மட்டும் சொல்லவில்லை: விசுவமடுவிலிருந்து பரந்தன் வந்து ஏ9இல் திரும்பினால், இடையில் கிளிநொச்சி நகரத்தில் கராச்சுகள் இருக்கின்றன, தெரு மட்டம், தண்ணீர் கொதித்தால் நிழலில் ஒதுங்கலாம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, என்ஜின் ஆறும்வரை அங்கே இருந்து, நாலு சில்லின் மையத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுடுகிறதென்றால் அந்தச் சில்லின் பிரேக் பிடித்துக்கொண்டு வருகிறது, திருத்தாமல் திரும்பாதீர்கள்.

பாகம் வாங்க வெளிக்கிட முன் பொனற்றுக்குள் இருக்கும் சேசிஸ் தகட்டைத் துடைத்து, அதன் ஆங்கில எழுத்துகளையும் இலக்கத்தையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். எம், ஏ, 2, எஸ், அதற்குப்பின் 3 என்றிருந்தால் 948 சிசி இரண்டு கதவுக் கார், 5 என்றிருந்தால் 1098. முன் பிரேக்கின் அளவே இரண்டுக்கும் வேறு: 948க்கு 7 அங்குலம், 1098க்கு 8. தெரியாமல் பஞ்சிகாவத்தைக்குப் போனால் போன பஸ் காசு வீண்.